சுட்ட மீனும் ஒரு பிடி சோறும்

தமிழர்களாகிய நாம் சந்தித்தவுடன் கேட்கும் முதற்கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பது. அதிலும் காவிரிக் கழிமுகத்தைச் சேர்ந்த நம் காரைக்கால் பகுதியில் சாப்பாடு என்றால் அது சோறுதான். காலையில் நான்கு இட்டிலி உண்டவரும் "இன்னும் சாப்பிடவில்லை, டிபன் மட்டும் ஆயிற்று" என்றே சொல்லுவார். சோறு உள்ளே போனால்தான் அது சாப்பாடு. மற்றவையெல்லாம் "தொட்டுக்கொள்ள" வந்தவை. கடலில் பிடித்த அருமையான மீன்கூட நம் இலையில் ஓர் ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே உட்கார்ந்திருக்கிறது.

இந்த வரிசையை இரவு வேளையில் மட்டுமாவது மாற்றி வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். மீன் நடுவிலும் சோறு ஓரத்திலும் இருக்கட்டும் என்கிறேன். அதற்கு ஏற்ற எளிய சமையல் மீனைச் சுட்டு உண்பது. அதை எப்படிச் செய்வது, ஏன் செய்ய வேண்டும், யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றை இங்கே காண்போம். நான் விலங்கியல் மாணவன், மருத்துவன் அல்லன். ஆனால் நீரிழிவு நோயுள்ள ஒரு வீட்டின் பிள்ளை. இம்மலரைப் படிக்கும் நண்பர்களில் பலரும் அத்தகைய வீடுகளிலிருந்து வருபவர்களே என்பதை எண்ணித்தான் இதை எழுதுகிறேன்.

நாம் நிற்கும் இடம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1,13,043 பேரைச் சோதித்த அந்த ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கூறிற்று. கணக்கிட்டால் பத்துக் கோடிப் பேருக்கும் மேல். மாநிலவாரியாகப் பார்க்கும்போது முதலிடம் கோவாவுக்கு, நூற்றுக்கு 26.4. இரண்டாமிடம் எது தெரியுமா? நமது புதுச்சேரி ஒன்றியப் பகுதி, நூற்றுக்கு 26.3. அதாவது நான்கு பெரியவர்களை எண்ணினால் அவர்களில் ஒருவருக்கு நீரிழிவு!

இந்த இரண்டாமிடத்துக்குக் காரணங்கள் பல. உடலுழைப்புக் குறைந்தது, வயது கூடியது, பரம்பரை ஆகியவை அவற்றுள் சில. ஆனால் நாள்தோறும் நம் கையிலேயே இருக்கும் காரணம் உணவு. இதே ஆய்வுக் குழுவினர் 2025இல் வெளியிட்ட உணவுக் கணக்கின்படி, சராசரி இந்தியர் நாளொன்றுக்குப் பெறும் கலோரிகளில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச் சத்திலிருந்தே வருகிறது. வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவையே அதன் பெரும்பகுதி.

சோற்றுக்குள் இருப்பது என்ன?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி, தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மாவுச் சத்து ஏறத்தாழ 78 கிராம். புரதம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்த மாவுச் சத்து குடலில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்கும் ஈரலுக்கும் அனுப்புகிறது. நாற்று நட்டும், ஏற்றம் இறைத்தும், வலை இழுத்தும் பகலெல்லாம் வேர்வை சிந்திய நம் பாட்டனாருக்கு அந்தச் சர்க்கரை வேலைக்கு வேண்டிய எரிபொருள். இரவு எட்டரை மணிக்கு உண்டு ஒன்பதரை மணிக்குப் படுக்கும் நமக்கு அதே அளவு எரிபொருள் எதற்கு?

ஒருவர் இரவில் மூன்று முறை சோறு போட்டுக் குழம்பு, இரசம், மோர் என்று உண்கிறார் எனக் கொள்வோம். அதற்கு 150 கிராம் அரிசி செலவாகும். அந்த ஒரு வேளைச் சோற்றில் மட்டும் 117 கிராம் மாவுச் சத்து இருக்கிறது. இப்படிக் கிண்ணம் கிண்ணமாகச் சர்க்கரையைக் குடிக்கச் சொன்னால் யாரும் குடிக்க மாட்டார்கள். ஆனால் சோறாக வரும்போது அதைச் சர்க்கரை என்று யாரும் நினைப்பதில்லை.

சப்பாத்தி மாற்று மருந்தா?

"சர்க்கரை இருக்கிறது, இரவில் சோற்றைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொன்னவுடன் நம் வீடுகளில் நடப்பது ஒன்றே. சோற்றுப் பானை போய்ச் சப்பாத்திக் கட்டை வரும். சோறு சர்க்கரையை ஏற்றும், சப்பாத்தி இறக்கும் என்பது போன்ற நம்பிக்கை ஊர் முழுதும் பரவியிருக்கிறது. உண்மை என்ன? கோதுமை மாவு 100 கிராமில் மாவுச் சத்து ஏறத்தாழ 64 கிராம். நார்ச்சத்தும் புரதமும் அரிசியைவிட அதில் கூடுதல் என்பது மெய்தான். ஆயினும் ஐந்து சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவோடு உண்டால் சோற்றைக் குறைத்த பயன் எங்கே? அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதில்லை. மாவுச் சத்தின் மொத்த அளவு குறைய வேண்டும் என்பதே மேற்சொன்ன 2025ஆம் ஆண்டு ஆய்வின் கருத்தும் ஆகும்.

ஆகவே கேள்வி "சோறா, சப்பாத்தியா?" என்பதன்று. குறைத்த இடத்தை எதனால் நிரப்புவது என்பதே கேள்வி. வயிறு நிறையாவிட்டால் எந்தப் பத்தியமும் பத்து நாளைக்கு மேல் நிற்காது.

இந்த எண்ணம் புதியதன்று. ஜான் ரோலோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மாவுப் பொருள்களை நீக்கிய ஊன் உணவால் நீரிழிவு நோயாளியைப் பேணிய விவரத்தை 1797இலேயே நூலாக எழுதினார். 1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்படும்வரை, உணவைக் குறைப்பது ஒன்றே மருத்துவர்களின் கையில் இருந்த வழி. மருந்துகள் பெருகிய இக்காலத்திலும் உணவின் இடம் அப்படியே இருக்கிறது.

மீன் ஏன்?

மாவுச் சத்து இல்லை என்றே சொல்லத்தக்க உணவு மீன். 100 கிராம் சதையில் 18 முதல் 20 கிராம் வரை தரமான புரதம் உண்டு. புரதம் வயிற்றில் நெடுநேரம் தங்கிப் பசியை அடக்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமிலங்கள் நிறைய உள்ளன. நீரிழிவு உடையவர்களை மாரடைப்பு எளிதில் தாக்கும் என்பதால், இதயத்துக்கு நலம் செய்யும் இந்தக் கொழுப்பு அவர்களுக்கு இரட்டை நன்மை.

மேலும் மீன் விரைவில் வேகும். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் மீனை அறுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். ஆட்டின் தொடையில் நீண்ட தசைநார்கள் கெட்டியான இணைப்புத் திசுவால் கட்டப்பட்டிருக்கின்றன. மீனின் தசையோ மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்டு, இடையில் மெல்லிய சவ்வு மட்டும் உடையது. தன் உடற்பாரத்தைத் தண்ணீரே தாங்குவதால் மீனுக்குக் கெட்டியான கட்டுத் தேவைப்படவில்லை. சூடு பட்டதும் அந்தச் சவ்வு கரைகிறது. சதை இதழ் இதழாகப் பிரிகிறது. அதனால்தான் ஆட்டுக்கறிக்கு ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் மீனுக்குக் கால் மணி போதும்.

சுடுதல் நம் பழைய கலை

மீனைச் சுட்டுத் தின்பதை மேல்நாட்டு ஓட்டல் நாகரிகம் என்று எண்ணுவோர் உண்டு. நமக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், கடற்கரை மக்கள் கடல் இறாலைச் சுட்டுத் தின்ற செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறுகிறார். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளையர், வந்த பாணர்க்குச் சுட்ட குழல்மீன் கருவாட்டைக் கொடுத்து உபசரிக்கின்றனர். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். பழைய சோற்றுக்குக் கருவாட்டைத் தணலில் வாட்டிக் கடித்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியில் மீனைப் பொரிப்பதுதான் பின்னர்ப் பெருகிய வழக்கம்.

உலகத்தின் பிற கடற்கரைகளிலும் இது உண்டு. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் ஆண்டுதோறும் சூன் மாதத்துப் புனித அந்தோணியார் திருவிழாவில் தெருவெங்கும் மத்தி மீனைச் சுடுகிறார்கள். ஜப்பானியர் மீன்மீது உப்பை மட்டும் தூவிச் சுடுவர். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் "இக்கான் பக்கார்" என்பது சுட்ட மீனே. கேரளத்தார் கரிமீனை வாழை இலையில் பொதிந்து சுடுகின்றனர்.

எந்த மீனை வாங்குவது?

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்கள் நம்மைச் சுற்றி இருப்பதால் நமக்கு இது கவலையில்லாத காரியம். சுடுவதற்கு முழு மீனே நல்லது. தோலும் முள்ளும் சதையின் ஈரத்தைக் காக்கும். சங்கரா, கொடுவா, கானாங்கெளுத்தி, மத்தி, சிறு பாறை ஆகியவை சுடுவதற்கு ஏற்றவை. கிழங்கான் போன்ற மென்மையான மீன்கள் கம்பியில் ஒட்டி உடைந்துவிடும். அவற்றைக் குழம்புக்கு விட்டுவிடலாம்.

வஞ்சிரம்தான் மீன், மற்றவை மீனல்ல என்ற மனப்பான்மை நம்மில் சிலருக்கு உண்டு. எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வரும் ஆச்சி ஒருவர் என் தாயாரிடம் சொல்வார்: "வஞ்சிரம் ஐசு மீனும்மா, இன்னிக்கு வேணாம். கானாங்கெளுத்தி விடியக்காலையிலே கரை ஏறினது. அதை எடுத்துக்க." அறிவியலும் ஆச்சியின் பக்கமே. ஒமேகா-3 கொழுப்பில் மத்தியும் கானாங்கெளுத்தியும் எந்த உயர்ந்த விலை மீனுக்கும் இளைத்தவை அல்ல. பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் பெரிய மீன்களின் உடலில் பாதரசம் கூடுதலாகச் சேரும். சிறு மீன்களில் அது குறைவு. ஆகவே ஏழை வீட்டு மீன் எந்த வகையிலும் தாழ்ந்ததன்று.

புதிய மீனை அறியச் சில அடையாளங்கள்: கண் தெளிந்து புடைத்திருக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிரும், கடல் வாசனை இருக்குமே தவிர நாற்றம் இராது. கானாங்கெளுத்தி, சூரை முதலியவற்றில் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். இவை பனிக்கட்டியில்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அதை உண்டால் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது.

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடல் மீன் அருகி விலை ஏறும். அந்நாள்களில் கட்லா, ரோகு, ஜிலேபி முதலிய குளத்து மீன்களை இதே முறையில் சுடலாம்.

செய்முறை (நான்கு பேருக்கு)

வேண்டிய பொருள்கள்: கால் கிலோ எடையுள்ள சங்கரா 4 (அல்லது நடுத்தரக் கானாங்கெளுத்தி 8), மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகாய்த் தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, பூண்டு 8 பல், சின்ன வெங்காயம் 6, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் 1, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி.

1. மீனைச் செதில், செவுள், குடல் நீக்கிக் கழுவவும். பின்பு சுத்தமான துணியால் உள்ளும் புறமும் ஈரம் போக ஒற்றி எடுக்கவும். இதை யாரும் விட்டுவிடலாகாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

2. இருபக்கமும் முள் தொடும் ஆழத்துக்கு மும்மூன்று கீறல்கள் போடவும். மசாலை உள்ளே இறங்கவும், தடித்த முதுகும் மெல்லிய வாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேகவும் கீறல் உதவும்.

3. மிளகு, சீரகம், பூண்டு, வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் அம்மியில் கரகரப்பாக அரைத்து, தூள்களும் உப்பும் எண்ணெயும் சேர்த்துக் கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் தடவி அரைமணி நேரம் வைக்கவும். எலுமிச்சைச் சாற்றைப் பாதி மட்டும் இப்போது சேர்க்கவும். புளிப்பில் நெடுநேரம் ஊறினால் சதை வெளுத்துக் குழைந்துவிடும். கடைகளில் நிறத்துக்காகவும் மொறுமொறுப்புக்காகவும் சேர்க்கும் அரிசி மாவும் சோள மாவும் நமக்கு வேண்டா. மாவைக் குறைக்க வந்த நாம் அதை மீனின் முதுகில் ஏற்றி உள்ளே அனுப்புவதில் பொருளில்லை.

4. கரியடுப்பிலோ மூன்று செங்கல் கூட்டியோ கொட்டாங்குச்சியைக் கொளுத்தவும். சுவாலை எழும்போது மீனை வைக்கக் கூடாது. சுவாலை அடங்கி, தணலின்மேல் சாம்பல் பூத்த பின்பே கம்பி வலையை வைத்து, நன்றாகச் சூடேற்றி, எண்ணெய் தோய்ந்த துணியால் துடைக்கவும். குளிர்ந்த கம்பியில் மீனை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

5. மீனை வைத்தபின் ஆறு ஏழு நிமிடம் தொடக் கூடாது. அடிப்புறம் சிவந்தால் அது தானே கம்பியை விட்டுவிடும். ஒட்டினால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். பிறகு ஒரே முறை திருப்பி, மறுபுறம் ஐந்து ஆறு நிமிடம் சுடவும்.

6. கீறலில் முனையை விட்டுப் பார்த்தால் முள்ளை ஒட்டிய சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெண்மையாகி, முள்ளைவிட்டுப் பிரிய வேண்டும். உடனே எடுத்து மீதி எலுமிச்சைச் சாற்றைப் பிழியவும்.

கரியடுப்பு இல்லாத வீட்டில் தோசைக்கல்லே போதும். தணலில் வாட்டிய வாழை இலையில் மீனைப் பொதிந்து, மிதமான தீயில் பக்கத்துக்கு எட்டு நிமிடம் வைத்து, கடைசியில் இலையைப் பிரித்துக் கல்லில் நேராக ஒரு நிமிடம் போட்டால் தோல் சிவந்துவிடும். தணலின் புகைமணம் மட்டும் கிட்டாது.

தீ செய்யும் வேலை

சுட்ட மீனின் மணத்துக்கும் நிறத்துக்கும் காரணத்தை லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912ஆம் ஆண்டு விளக்கத் தொடங்கினார். அப்போது நம் காரைக்கால் அந்தப் பிரெஞ்சு ஆட்சியின்கீழ்தான் இருந்தது! புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களும் சிறிதளவு சர்க்கரையும் கடுஞ்சூட்டில் சேரும்போது நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்கள் பிறக்கின்றன. இது விரைந்து நடக்க ஏறத்தாழ 140 பாகை சென்டிகிரேடு சூடு வேண்டும். மீனின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்தச் சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் ஆவியாவதிலேயே தீயின் வலிமை செலவாகிவிடும். ஈரத்தைத் துணியால் ஒற்றச் சொன்னது இதனால்தான்.

மேற்புறத்துக்கு 140 பாகை வேண்டும். உட்புறத்துக்கோ 60 பாகையைச் சற்றுத் தாண்டினாலே போதும். அதற்குமேல் போனால் புரதம் இறுகித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும், மீன் சக்கையாகிவிடும். வெளியே கடுஞ்சூடும் உள்ளே மிதச்சூடும் ஒரே நேரத்தில் கிடைக்கச் செய்வதே மீன் சுடும் கலையின் முழு இரகசியம்.

எலுமிச்சைக்கும் வேலை உண்டு. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளிப்பு அதைக் கட்டிப்போடுகிறது. நம் முன்னோர் மீன் குழம்பில் புளியைத் தாராளமாகக் கரைத்ததும் இந்த அனுபவ அறிவால்தான்.

இலையில் என்ன வைப்பது?

மீன் நடுவில் இருக்கட்டும். ஒரு பக்கம் தேங்காய்த் துருவல் தூவிய முருங்கைக் கீரைப் பொரியல். மறுபக்கம் வெள்ளரி, தக்காளி, வெங்காயம் நறுக்கி எலுமிச்சை பிழிந்த பச்சடி. கீரை கிடைக்காத நாளில் புடலங்காயோ வாழைத்தண்டோ கத்தரியோ வைக்கலாம். ஓரத்தில் ஒரு சிறு கிண்ணச் சோறு. அதற்கு 30 கிராம் அரிசி போதும்.

கணக்குப் பார்ப்போம். சோற்றில் 23 கிராம் மாவுச் சத்து, கீரை, காய், மசாலை எல்லாம் சேர்த்து 15 கிராம் அளவு, மீனில் ஒன்றுமில்லை. மொத்தம் 40 கிராமுக்குள் அடங்கிவிடும். முன்பு சோறு மட்டுமே 117 கிராம். கால் கிலோச் சங்கராவில் தலை, முள், குடல் போக 120 கிராம் சதை தேறும். அதில் 22 கிராமுக்கு மேல் புரதம். இவ்வாறு உண்பவர் பசியோடு எழ மாட்டார். இன்னொரு நுணுக்கம்: மீனையும் காயையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

"சோற்றை அடியோடு விட்டால் என்ன?" என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தபோது என் தந்தையார், "ராத்திரியிலே ஒரு பருக்கை சோறு உள்ளே போகலேன்னா பட்டினி கெடந்த மாதிரி இருக்குடா தம்பி" என்றார். பஞ்சமும் வெள்ளமும் புயலும் கண்ட கழிமுகத்து மனிதனுக்குச் சோறு வெறும் மாவுச் சத்து அன்று. அது மானம், நிம்மதி, நாள் நல்லபடி முடிந்தது என்பதன் அடையாளம். அதைப் பிடுங்கிவிட்டு உடல்நலம் தர முடியாது. அதனால்தான் அந்த ஒரு பிடி சோற்றை நாங்கள் விட்டுவைத்தோம். மூன்று முறை போட்டுக்கொண்ட கை ஒரு கிண்ணத்தில் நிற்கப் பழகச் சில மாதங்கள் பிடித்தன. வாரத்தில் மூன்று நாள் நான் மீன் சுடுகிறேன்; மற்ற நாள்களில் முட்டையோ சுண்டலோ அந்த இடத்தில் இருக்கும். அவருடைய மாத்திரை அளவை மருத்துவர் பரிசோதனைத் தாளைப் பார்த்து முடிவு செய்கிறார். நாங்கள் சோற்றின் அளவைப் பார்த்துக்கொள்கிறோம்.

எச்சரிக்கைகள்

முதலாவது, மிக முக்கியமானது: இன்சுலின் போட்டுக்கொள்பவரும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் திடீரென்று சோற்றைக் குறைக்கக் கூடாது. பழைய அளவு மருந்தும் புதிய அளவு உணவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வேர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும். அதுவும் இரவில், உறங்கும் நேரத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கு மருத்துவர் புரதத்தின் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பார். அவர்கள் இதை அப்படியே பின்பற்றலாகாது. வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இந்தச் சோற்றுக் கணக்கு பொருந்தாது.

மூன்றாவது, கொழுப்பு தணலில் சொட்டி எழும் கரும்புகையிலும், கருகிய சதையிலும் உடலுக்குத் தீங்கான பொருள்கள் உண்டாகின்றன. சிவக்கச் சுடலாம், கரியாக்கக் கூடாது. கருகிய பகுதியைச் சுரண்டி எறிந்துவிட வேண்டும்.

நான்காவது, உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீரிழிவோடு இரத்த அழுத்தமும் சேர்ந்திருப்போர் சுட்ட கருவாட்டைச் சுட்ட மீனுக்குப் பதிலாகக் கொள்ளக் கூடாது.

மீனும் தயிரும் சேர்ந்தால் உடலில் வெண்புள்ளி வரும் என்று பெரியவர்கள் அஞ்சுவது உண்டு. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. வெண்புள்ளி வேறு காரணத்தால் வருவது, தொற்றுநோயும் அன்று. ஆனாலும் பெரியவர்கள் மனம் ஒப்பாவிட்டால் தயிரை மறுநாளைக்கு வைத்துக்கொள்வதால் நட்டம் ஒன்றும் இல்லை.

நாம் செய்யத்தக்கது

நீரிழிவு வந்தபின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் செலவிடும் குடும்பங்கள் எத்தனை என்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். கண் மங்கியவர்களும், புண் ஆறாமல் கால் விரல் இழந்தவர்களும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். தாய் தந்தையருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளாகிய நமக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே இது முதியோர் பிரச்சினை என்று இளைஞர் ஒதுங்கி நிற்க முடியாது.

நண்பர்களே! இன்று உங்கள் வீட்டுக்குச் சென்றதும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரவுச் சோற்றுக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போடுகிறார்கள் என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். ஆள் கணக்கில் வகுத்து, நூற்றுக்கு 78 என்று பெருக்குங்கள். வரும் எண்ணைப் பெற்றோரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பிறகு ஆச்சியிடம் அன்று கரையேறிய மீனாகப் பார்த்து வாங்கி வந்து, அடுப்படி வேலையைத் தாயார் ஒருவர் தலையிலேயே சுமத்தாமல் நீங்களே தணல் மூட்டுங்கள். கால் மணி நேர வேலைதான். கடலும் வயலும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இதுவரை வயலை நம்பி உண்ட இரவுச் சாப்பாட்டில், இனிக் கடலுக்கும் தோட்டத்துக்கும் உரிய இடத்தைக் கொடுப்போமாக.